மறைமலை நகர்: ஒரு துணைக்கோள் நகரத்தைப் பற்றிச் சில குறிப்புகள்

மறைமலை நகரில் ஒருத்தர் "வீடு என்.எச். 2-ல இருக்கு" என்று சொன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. ரோடு ஓடுவதால் அப்படி நினைக்கத்தான் தோன்றும். ஆனால் இந்த என்.எச். தேசிய நெடுஞ்சாலை கிடையாது. நெய்பர்ஹூட். தமிழில் சொன்னால் அக்கம்பக்கம். என்.எச். 1, என்.எச். 2, என்.எச். 3 என்று ஊரே இப்படி எண் போட்டுத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. தபால் முகவரி, கடைப் பலகை, ஷேர் ஆட்டோக்காரர் வாய் எல்லாவற்றிலும் அந்த எண் இருக்கிறது.

ஒரு ஊரின் பகுதிக்குப் பொதுவாக எப்படிப் பெயர் வரும்? சாதி, தொழில், கோயில், குளம், யாராவது ஒரு துரை, யாராவது ஒரு முதலியார். எண் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த ஊர் நிலத்தில் வருவதற்கு முன்னால் காகிதத்தில் வந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பல்லவர் காலத்து ஊர்கள் நிறைய உண்டு. வரைபடப் பலகையில் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொண்டால் மறைமலை நகர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அது எப்படி வந்தது, எதற்காக வந்தது, நினைத்தது நடந்ததா என்று சில மாதங்களாகச் சேர்த்துவைத்த குறிப்புகளை இங்கே கோத்துத் தருகிறேன். இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'துணைக்கோள்' என்ற சொல்

அந்த எண்களுக்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக எழுதிய யோசனை அது. ஓர் ஆரம்பப் பள்ளிக்குத் தேவையான அளவு ஜனங்கள், சுமார் 160 ஏக்கர், நடுவில் பள்ளிக்கூடம், ஓரங்களில் பெரிய ரோடு. எந்தக் குழந்தையும் பெரிய ரோட்டைத் தாண்டாமல் கால் மைல் நடந்து பள்ளிக்குப் போய்விட வேண்டும். சண்டிகரில் செக்டர் என்று சொல்வதும் இதன் உறவுதான்.

துணைக்கோள் நகரம் என்ற யோசனை இதைவிடப் பழையது. லண்டனில் சுருக்கெழுத்து எழுத்தராக வேலை பார்த்த எபனேசர் ஹவர்ட் 1898இல் ஒரு புத்தகம் எழுதினார். பெருநகரம் வீங்கிக்கொண்டே போகிறது, கிராமம் காலியாகிறது, அதனால் இரண்டுக்கும் நடுவே 32,000 பேர் வாழும் தோட்ட நகரங்களைக் கட்டுவோம் என்றார். 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கர் ஊருக்கு, மீதி 5,000 விவசாயத்துக்கு. 1903இல் லெட்ச்வொர்த் என்ற ஊர் இப்படிக் கட்டப்பட்டது. ஹவர்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரங்களையும் பூங்காக்களையும்தான் பேசுவார்கள். அவர் யோசனையின் மையம் வேறு. நிலம் முழுக்க ஊரின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். ஊர் வளரும்போது நிலத்தின் விலை ஏறுமில்லையா, அந்த ஏற்றம் தனியாளுக்குப் போகாமல் ஊர்க் கஜானாவுக்கு வர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'சாட்டிலைட் சிட்டி' என்ற சொல்லைத் தலைப்பாக வைத்து 1915இல் கிரஹாம் டெய்லர் என்ற அமெரிக்கர் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பார்த்தது தோட்டத்தை அல்ல, தொழிற்சாலையை. நகரத்தில் இடம் போதாமல் கம்பெனிகள் வெளியே போய்க் கட்டிய ஊர்களை. ஆக, ஆரம்பத்திலிருந்தே இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று, ஜனங்கள் நிம்மதியாக வாழ ஓர் ஊர். இன்னொன்று, கம்பெனி நிம்மதியாக ஓட ஓர் இடம்.

ஷாங்காய் செய்தது

இந்த யோசனையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று சீனா. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் விட்ட பிறகு 'வெய்சிங்', அதாவது துணைக்கோள், என்ற சொல் அங்கே ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. ஹெனான் மாகாணத்தில் தொடங்கிய முதல் மக்கள் கம்யூனுக்கே ஸ்புட்னிக் என்றுதான் பெயர். விளைச்சலைப் பொய்யாகப் பெருக்கிச் சொல்வதற்குக்கூட 'துணைக்கோள் விடுவது' என்று பேர் வந்தது.

அதே 1958இல் ஷாங்காய் மாநகரம் பக்கத்து ஜியாங்சு மாகாணத்திலிருந்து பத்து கவுண்டிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு மின்ஹாங், வூஜிங், ஆன்டிங், ஜியாடிங், சோங்ஜியாங் என்று துணைக்கோள் நகரங்களைக் குறித்தது. மின்ஹாங்குக்கு டர்பைன், மின் இயந்திரத் தொழிற்சாலைகள். 1959இல் அங்கே கடைகளும் அடுக்கு வீடுகளும் கொண்ட ஒரு முழுத் தெருவை 78 நாளில் கட்டி முடித்துவிட்டு நாடு முழுக்கப் பெருமையாகக் காட்டினார்கள். ஆன்டிங்குக்குக் கார். ஷாங்காய் என்ற பெயரிலேயே ஒரு கார் அங்கே தயாரானது. 1984இல் ஃபோக்ஸ்வாகனோடு ஒப்பந்தம் போட்டு சாண்டனா கார் வந்தது. இன்றைக்கு ஆன்டிங் என்றால் சீனாவில் கார் ஊர்.

எல்லாம் சரியாக நடந்ததா என்றால் இல்லை. தொழிலாளர்கள் அங்கே குடிவரத் தயங்கினார்கள். சீனாவில் ஹுகோ என்று ஒரு குடியிருப்புப் பதிவு உண்டு. நகரத்துப் பதிவை விட்டுக்கொடுத்தால் நகரத்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாம் போய்விடுமோ என்ற பயம். அதனால் வேலை மட்டும் துணைக்கோளில், வீடு ஷாங்காயில். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். 2001க்குப் பிறகு 'ஒரு நகர், ஒன்பது ஊர்கள்' என்று புதுத் திட்டம் போட்டு ஆன்டிங்கில் ஜெர்மனி பாணியிலும், சோங்ஜியாங்கில் இங்கிலாந்து பாணியிலும் புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள். அவையும் பல வருஷம் பாதி காலியாகக் கிடந்தன. நிலைமையை மாற்றியதில் ரயிலுக்குப் பெரிய பங்கு. 2010இல் மெட்ரோ 11ஆம் பாதை ஆன்டிங்குக்கு வந்தது. 2013இல் அதே பாதை மாகாண எல்லையைத் தாண்டி ஜியாங்சுவுக்குள்ளேயே போய்விட்டது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. ஷாங்காய் முதலில் எல்லையை விரித்தது, அப்புறம் ஊரைக் கட்டியது, ரொம்பத் தாமதமாக நல்ல ரயிலைக் கொடுத்தது. நம் ஊரில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

1975: சென்னையின் கணக்கு

1971 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரப் பகுதியின் ஜனத்தொகை சுமார் 35 லட்சம். 1972இல் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974இல் சட்டப்படியான அமைப்பானது. அப்போது எம்.எம்.டி.ஏ., இப்போது சி.எம்.டி.ஏ. 1975இல் முதல் மாஸ்டர் பிளான் வந்தது. அது எடுத்துக்கொண்ட பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். நகரம் வட்டமாக வீங்காமல், பெரிய ரோடுகளை ஒட்டி விரல் விரலாக வளரட்டும், ஜனங்களையும் தொழிலையும் கொஞ்சம் வெளியே நகர்த்துவோம் என்பதுதான் அதன் போக்கு. வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே திருவள்ளூர், தெற்கே மறைமலை நகர் என்று துணை நகரங்கள் அந்தச் சிந்தனையில் வந்தவை. இவற்றில் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஏற்கெனவே ஊர்கள். மறைமலை நகர்தான் அடியிலிருந்து புதுசு. 1980இல் அது நிலத்தில் தொடங்கியது.

ஏன் அந்த இடம்? வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பதில் தெரியும். சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரைக்கும் ஒன்றையொன்று விடாமல் ஒட்டியே போகின்றன. அந்த ரயில் பாதை 1870களில் தென்னிந்திய ரயில்வே போட்டது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்த பிறகு நகரம் தெற்கே நீள ஆரம்பித்தது. மாம்பலமும் தாம்பரமும் இன்றைய உருவத்துக்கு வந்ததில் அந்த ரயிலுக்குப் பெரிய பங்குண்டு. கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குப் போனதும் இந்தப் பாதையில்தான். ஆக, தெற்கே போவது சென்னைக்குப் பழக்கமான காரியம். திட்டக்காரர்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் 20 கிலோமீட்டர் நீட்டினார்கள். ரயில் அங்கே ஏற்கெனவே இருந்தது, ரோடு இருந்தது. ஷாங்காய்க்கு இல்லாத வசதி இது.

இல்லாதது எல்லை. பெருநகரப் பகுதியின் தெற்கு ஓரம் வண்டலூர்ப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மறைமலை நகர் அதற்கு வெளியே. அதாவது பெருநகரத்துக்காக, பெருநகரத்து அமைப்பு, பெருநகரத்துக்கு வெளியே கட்டிய ஊர். மனையை விற்றுக் கொடுத்த பிறகு அந்த ஊரை யார் தாங்குவது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

வேதாசலமும் மறைமலையும்

ஊருக்குப் பெயர் மறைமலையடிகளால் வந்தது. நாகப்பட்டினத்துக்காரர். பிறந்தது 1876. பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது தன் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டார். வேதம் மறை, அசலம் மலை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. பிள்ளையில்லாத அவர் பெற்றோர் திருக்கழுக்குன்றத்து ஈசனை வேண்டி நோன்பிருந்து, பிள்ளை பிறந்ததும் அந்தச் சாமி பெயரையே வைத்தார்கள் என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. திருக்கழுக்குன்றம் எங்கே இருக்கிறது? செங்கல்பட்டிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், மாமல்லபுரம் போகிற வழியில். மலைமேல் இருப்பவர் வேதகிரீஸ்வரர். வேதகிரி என்றாலும் மறைமலைதான். செங்கல்பட்டுச் சீமையின் ஒரு மலைப்பெயர் நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு மனிதருக்குப் பெயராகி, தமிழாகி, நூறு வருஷம் கழித்துத் திரும்பச் செங்கல்பட்டுச் சீமைக்கே ஓர் ஊர்ப்பெயராக வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. சேர்ந்த விதம் அழகு.

இன்னொன்றும் உண்டு. அடிகள் 1898 முதல் 1911 வரை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில். வேலையை விட்டதும் பட்டணத்துச் சந்தடியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். 1950இல் மறையும் வரைக்கும் அங்கேயேதான். பல்லாவரம் இதே தெற்கு ரயில் பாதையில் இருக்கிற ஊர். பட்டணத்து வேலை வேண்டாம், ஆனால் பட்டணம் ரயில் தூரத்தில் இருக்கட்டும் என்று வாழ்ந்தவர் பெயரைத்தான் ஒரு துணை நகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

தெருக்களும் அந்த வழிதான். பாவேந்தர் சாலை, திருவள்ளுவர் சாலை. ரயில் நிலையத்துக்கு முழுப் பெயர் 'மறைமலை நகர் காமராஜர்'. ஒரே பலகையில் இரண்டு தலைவர்கள். பகுதிக்கு எண், தெருவுக்குப் புலவர், ஸ்டேஷனுக்கு முன்னாள் முதல்வர். எழுபதுகள், எண்பதுகளின் தமிழ்நாட்டை ஒரே ஊரில் பார்க்கணும்னா இங்கே வரலாம்.

காலியாக இருந்த நிலமா?

புது ஊர்களைப் பற்றிய எழுத்தில் அடிக்கடி வரும் சொல் 'காலி நிலம்'. செங்கல்பட்டில் அப்படி ஒரு நிலம் கிடையாது. 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, எத்தனை ஏரி, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எழுதி வைத்திருக்கிறார். இருநூறு வருஷம் முந்தியே அவ்வளவு அடர்ந்த சீமை இது. இங்கே ஊரின் இடத்தைத் தீர்மானித்தது ரோடு இல்லை, ஏரி. மேட்டில் குடியிருப்பு, அதற்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே வயல்.

மறைமலை நகர் இன்றைய நகராட்சியாக வளர்ந்தபோது உள்ளே வந்தவை இப்படிப்பட்ட ஊர்கள்தான். காட்டாங்குளத்தூர், நின்னக்கரை, பேரமனூர், கீழக்கரணை, திருக்கச்சூர். பெயரிலேயே குளமும் கரையும் இருப்பதைக் கவனியுங்கள். இவற்றில் திருக்கச்சூர் சுந்தரர் பாடிய தலம். ஊருக்குள் ஆலக்கோயில், பக்கத்து மலையடியில் மருந்தீசர் கோயில். பசியோடு வந்து உட்கார்ந்த சுந்தரருக்காகச் சிவன் ஒரு கிழவராக வந்து, வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிக் கொடுத்தார் என்பது தலக்கதை.

இந்தக் கதையை நான் ஊர் வரலாற்றுக் குறிப்பாகவும் வாசிக்கிறேன். வெளியிலிருந்து ஒருத்தர் பசியோடு வந்தால், வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிப் போடுகிற அளவுக்கு வீடுகளும் சோறும் இருந்த ஊர் இது. திட்ட வரைபடத்தில் அது வெறும் எல்லைக்கோட்டுக்குள் ஒரு கிராமம். வந்தவர்களுக்கு மனை கொடுத்த திட்டம், ஏற்கெனவே இருந்தவர்களை என்னவாக ஆக்கியது? நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த மனையில் எழுந்த ஃபாக்டரியில் என்ன வேலை கிடைத்தது? துணை நகரங்களைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கார் வந்தது, போனது

எண்பதுகளில் சி.எம்.டி.ஏ. தொழில் வளாகமும் சிறுதொழில் பேட்டையும் வந்தன. அவை சின்னதும் நடுத்தரமுமான பட்டறைகள். ஊரின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது ஃபோர்டு. 1995இல் மஹிந்திராவோடு கூட்டாகக் கம்பெனி தொடங்கி, மறைமலை நகரில் சுமார் 350 ஏக்கரில் ஆலை கட்டி, 1999இல் ஐகான் காரை வெளியே விட்டது. பிறகு ஃபியஸ்டா, ஃபிகோ, எகோஸ்போர்ட். கணிசமான கார்கள் எண்ணூர், சென்னைத் துறைமுகங்கள் வழியாக வெளிநாடு போயின. சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் இன்று இருக்கிற கார்த் தொழிலுக்கு, ஹுண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையோடு சேர்த்து, இதுவும் ஓர் ஆரம்பப்புள்ளி.

பின்னாலேயே மற்றவை வந்தன. 2002இல் பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, அரசும் தனியாரும் சேர்ந்த அடுத்த தலைமுறைத் துணை நகரம். 2007இல் அங்கே பி.எம்.டபிள்யூ. ஆலை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மேற்கே திரும்பினால் ஒரகடம், அங்கே 2010இல் ரெனோ-நிசான். காட்டாங்குளத்தூரில் 1985இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமாகப் பெருத்து, பொத்தேரி ஸ்டேஷனையே மாணவர் ஸ்டேஷனாக மாற்றிவிட்டது.

இத்தனை வேலை வந்தும் ஆன்டிங்கில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஹுகோ இங்கே கிடையாது, ஆனால் கம்பெனி பஸ் உண்டு. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பாருங்கள். தாம்பரம், காஞ்சிபுரம், மதுராந்தகம் என்று நாலு பக்கமும் பஸ்கள் போகும். இன்னொரு பக்கம், மறைமலை நகரில் வீடு வாங்கியவர்களில் பலர் காலை ரயிலில் சென்னைக்குப் போகிறார்கள். எழும்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்காரர்கள் ஊருக்குள் வர, ஊர்க்காரர்கள் வெளியே போக, நடந்து வேலைக்குப் போகலாம் என்று பெர்ரியும் ஹவர்டும் கண்ட கனவு ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலர் நஷ்டம் என்றது. நாடு முழுக்கச் சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. இழப்பீடு போதாது என்று 2022 கோடையில் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே போராடினார்கள். அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. குஜராத் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலை நகர் ஆலை விற்காமல் நின்றது. 2024இல் ஏற்றுமதிக்காகத் திரும்ப வருவதாகக் கடிதம் கொடுத்து, 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாயில் என்ஜின் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தயாரிப்பு 2029இல் தொடங்கும் என்கிறார்கள்.

நான் இதில் கவனிப்பது வேறு. அந்த ஆலை மூடியபோது ஊர் சாகவில்லை. அமெரிக்காவில் ஒரே கம்பெனியை நம்பிய ஊர்கள் கம்பெனி போனதும் பேய்வீடுகள் ஆகியிருக்கின்றன. இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், பக்கத்தில் ஒரகடம், பரனூர், பொத்தேரி எல்லாம் தானாக வளர்ந்துவிட்டதும், ஊர்க்காரர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ரயிலேறி வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததும்தான். தன் காலில் நிற்கும் நகரம் என்ற கணக்கில் இது தோல்வி. அந்தத் தோல்விதான் 2022இல் ஊரைக் காப்பாற்றியது. ஆனால் ஊர் பிழைத்தது வேறு, நாற்பது வயதில் வேலை போனவர் பிழைத்தது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எல்லை வந்து சேர்ந்தது

2011 கணக்கெடுப்பில் மறைமலை நகர் நகராட்சியின் ஜனத்தொகை சுமார் 82,000. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மறைமலை நகர் உள்ளே வந்தது. தொடங்கி 42 வருஷம் கழித்து, கோள் தன் துணைக்கோளை விழுங்கியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோது, நகரத்தின் தெற்கு வாசலே கோயம்பேட்டிலிருந்து வண்டலூருக்கு நகர்ந்துவிட்டது. ஷாங்காய் முதல் நாளில் செய்ததைச் சென்னை கடைசி நாளில் செய்தது.

நடுவில் ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2006இல் வண்டலூர்-கேளம்பாக்கம் பக்கம் புதிய துணை நகரம் ஒன்றை அன்றைய தி.மு.க. அரசு அறிவித்தது. விவசாய நிலம் போகும் என்று கூட்டணியில் இருந்த பா.ம.க.வே எதிர்த்தது. அரசு திட்டத்தைக் கைவிட்டது. கைவிட்டதால் நிலம் வயலாகவே இருந்ததா? இன்று அந்த ரோட்டில் போய்ப் பாருங்கள். அடுக்குமாடிகள், கல்லூரிகள், கேட் போட்ட குடியிருப்புகள். திட்டம் வராமல் நகரம் மட்டும் வந்துவிட்டது. பொதுத்திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நிலம் கைமாறுகிறது. வித்தியாசம், விலையேற்றம் யார் பைக்குள் போகிறது என்பதில்தான். ஹவர்ட் 1898இல் எழுதிய வரி இதற்குத்தான்.

தொழிலாளர் வீடு பற்றியும் ஒரு குறிப்பு. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்றை சிப்காட் கட்டித் திறந்தது. வேலைக்குப் பக்கத்தில் படுக்கை என்ற சீனத்து ஏற்பாடு இப்படி நம் ஊருக்கு வந்திருக்கிறது. தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போவதைவிட இது மேல்தான். ஆனால் விடுதி ஊராகாது. கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் காலி செய்ய வேண்டிய இடத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தை நடுவில் வைப்பது?

இப்போது ஏன்

சி.எம்.டி.ஏ. இப்போது ஆறு இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் இருந்த திருவள்ளூர் இதிலும் இருக்கிறது என்பதே ஒரு செய்தி. மாமல்லபுரமோ பல்லவர் காலத்தில் காஞ்சிக்குத் துறைமுகம். ராஜசிம்மன் காலத்தில், 720 வாக்கில், காஞ்சியிலிருந்து சீனத்துத் தாங் அரசவைக்குத் தூது போயிருக்கிறது. ஆக, தலைநகரத்துக்குத் தூரத்தில் இருந்துகொண்டு அதன் வேலையைப் பார்ப்பது அந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை, தொல்லியல் துறைக் கட்டுப்பாடு, மீனவக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் நடுவே அங்கே புதுநகர் வரைவது மறைமலை நகரை வரைந்ததைவிடப் பத்து மடங்கு சிக்கல்.

இந்தத் திட்ட ஆவணங்கள் கருத்துக் கேட்புக்கு வரும்போது வழக்கமாக நாம் பார்ப்பது நம்ம சர்வே நம்பர் எந்தக் கலரில் இருக்கு என்பதைத்தான். தப்பில்லை. அதோடு மறைமலை நகரை மனதில் வைத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே வேலை பார்க்கப்போகிறவர் வாங்கும் சம்பளத்தில் அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா? ஏற்கெனவே இருக்கிற ஊர்களும் ஏரிகளும் வரைபடத்தில் பெயரோடு இருக்கின்றனவா, இல்லை வெறும் நிறமாக இருக்கின்றனவா? நிலத்தின் விலை ஏறும்போது அதில் ஒரு பங்கு உள்ளாட்சிக்கு வர வழி எழுதியிருக்கிறதா?

1975இல் இந்தக் கேள்விகளைக் கேட்டு ஒருத்தர் எழுதியிருந்தால், என்.எச். 2-ல் இருப்பவர் காலை ரயிலில் நின்றுகொண்டு போக வேண்டியிருந்திருக்காது. மாமல்லபுரத்துத் திட்ட ஆவணத்தை முழுசாகப் படித்துவிட்டு, இந்த மூன்று கேள்விக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தனிக் குறிப்பாக எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் உங்கள் ஊர்ப் பெயர் வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.